குறியும் நெறியும்

குடத்தில் நீர் முகக்கும் ஓசையை யானை நீர் பருகும் ஓசையெனப் பிழைபடக் கருதி, கண்ணால் காணாத இலக்கின்மேல் கணை தொடுத்தான் தயரதன். கண்ணிழந்த பெற்றோர்க்கு நீர் கொணரச் சென்ற இளைஞன் மாண்டான். அந்த ஓர் அம்பின் விளைவே இராமகாதையின் துயரம் முழுவதற்கும் வித்தாயிற்று. ஓசையைக் கொண்டே எய்யும் திறன் தயரதனுக்கு இருந்தது. எதன்மேல் எய்கின்றோம், எங்கே எய்கின்றோம் என்னும் தெளிவுதான் அன்று இல்லாது போயிற்று. திறன் வேறு, தெளிவு வேறு என்பதை இக்கதையைக் கற்பிக்கும் ஒவ்வோராண்டும் நான் மாணவர்க்கு வற்புறுத்துவதுண்டு.

வில்லால் மானை வேட்டையாடுவோன் எங்கே குறிவைத்தல் வேண்டும் என்னும் வினா, மேலோட்டமாக நோக்கின் வேடர்க்கு மட்டுமே உரியதாகத் தோன்றும். ஆயினும் அவ்வினாவுக்கு மனிதகுலம் கண்ட விடையின் வரலாறு, கருவியை ஏந்தும் கைக்கு இருக்கவேண்டிய பொறுப்பின் வரலாறே ஆகும். அதனை ஆசிரியர்களும் மாணவர்களும் அறிந்துகொள்ளல் நன்று என்னும் எண்ணத்தால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

இவ்வெண்ணம் நூல்களிலிருந்து மட்டும் எழுந்ததன்று. காட்டோரமாக அமைந்த ரப்பர்த் தோட்டமொன்றில் வளர்ந்தவன் நான். தமிழ்ப்பள்ளியில் நான்காம் வகுப்புப் பயின்ற நாளில், விடியற்காலையில் மரம் சீவச் சென்ற என் தாயார், நிரையின் கோடியிலிருந்த ஓடைக்கரையில் கடமான் ஒன்று கிடப்பதைக் கண்டு வந்து சொன்னார். தந்தையாரின் பின்னே நானும் ஓடினேன். துப்பாக்கிக் குண்டு மானின் வயிற்றில் பாய்ந்திருந்தது. புண்ணில் புழு வைத்திருந்தது. நாங்கள் சென்றபோதும் அதன் விலாப்புறம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. "சுட்டவன் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்று தூங்கியிருப்பான். இதுதான் மூணு நாளாச் செத்துக்கிட்டு இருக்கு" என்றார் தந்தையார். சுட்டவர் யாரென்று அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. அம்மானின் கண் மட்டும் என் நினைவை விட்டு அகலவில்லை.

தொன்மைச் சான்றுகள்

செருமனி நாட்டின் ஹாம்பர்க் நகருக்கு அணித்தேயுள்ள ஸ்டெல்மூர் என்னுமிடத்தில், 1930-களில் ஆல்பிரட் ரஸ்ட் என்னும் தொல்லியலறிஞர் அகழாய்வு நடத்தினார். பனியூழியின் இறுதியில், ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முன்னர், அங்கே மக்கள் கலைமான் கூட்டங்களை வேட்டையாடியிருந்தனர். ஊசியிலை மரத்தால் செய்யப்பட்ட அம்புகள் ஏறத்தாழ நூறு அங்குக் கிடைத்தன. வில்வேட்டைக்கு நம்மிடையே உள்ள மிகப் பழைய நேர்ச்சான்றுகளில் அவை குறிப்பிடத்தக்கவை. அவ்வம்புகள் இரண்டாம் உலகப்போரின்போது அழிந்துபோயின. ஆயினும் கல்முனை தைத்த கலைமான் எலும்புகள் எஞ்சி நின்று அக்கால வேடரின் கைத்திறனுக்குச் சான்று பகர்கின்றன.

எலும்பில் அம்பு தைத்திருத்தல் வேடனின் வெற்றியைக் காட்டுவதாக நாம் எண்ணிவிடக்கூடாது. எலும்பில் படாமல் விலாவின் இடைவெளியில் நுழைந்து நுரையீரலை அறுத்த அம்பு, எலும்பில் எந்தத் தடயத்தையும் விட்டுச்செல்வதில்லை. ஆகவே, நன்கு குறிவைத்து எய்யப்பட்ட அம்புகளிற் பல வரலாற்றின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. எலும்பில் தைத்தவையே பெரிதும் நமக்குக் கிடைக்கின்றன. டென்மார்க்கின் பிரைலெருப் என்னுமிடத்தில் கிடைத்த காட்டெருதின் எலும்புக்கூட்டோடு சிறு கல்முனைகள் பல காணப்பட்டன. அம்பு தைத்த நிலையில் அவ்விலங்கு வேடரிடமிருந்து தப்பி, நீரில் இறங்கி மாண்டது என்று ஆய்வாளர் கருதுவர். கைக்கு எட்டாது போன வேட்டையே பல்லாயிரம் ஆண்டுகள் கழித்து நம் கைக்கு எட்டியிருக்கின்றது.

நம் இலக்கியத்தில் வேட்டை

வில்வேட்டை தமிழர்க்கும் புதியதன்று. கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஊடுருவிச் சென்றதாக வன்பரணர் புறநானூற்றில் பாடியுள்ளார். அது புலவரின் உயர்வு நவிற்சி. வில்லின் வலிமையைப் போற்றும் அப்பாட்டு, புலவரின் வியப்பையே நமக்கு உணர்த்துகின்றது.

இதனினும் நம் பொருளுக்கு நெருங்கியது அகத்திணை மரபில் வரும் 'கெடுதி வினாதல்' என்னும் துறையாகும். தலைவியைக் காணவரும் தலைவன், தன் அம்புக்குத் தப்பிய விலங்கு இவ்வழியே வந்ததோ என வினவுவான். கபிலரின் குறிஞ்சிப்பாட்டிலும் இந்நிகழ்ச்சி இடம்பெறுகின்றது. அது தலைவியோடு உரையாடத் தலைவன் கைக்கொள்ளும் உத்தி என்பதை மாணவர் அறிவர். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். புண்பட்ட விலங்கைத் தேடிச் செல்லுதல் வேடனின் வழக்கமாக இருந்ததனாலன்றோ அவ்வினா நம்பத்தக்க உத்தியாயிற்று! வழக்கத்தில் இல்லாத ஒன்றைச் சாக்காகச் சொன்னால் தோழி நகைத்திருப்பாள். எய்தவன் தேடிச் செல்லுதல் வேண்டும் என்னும் நெறி, நம் காதற்பாட்டின் பின்புலத்திலேயே அமைந்துகிடக்கின்றது.

ஐரோப்பாவிலும் அந்நெறி இருந்தது. பிரெஞ்சுக் கோமகன் காஸ்டோன் பீபுஸ் 1387-இல் எழுதத் தொடங்கிய வேட்டை நூல், வில்வேட்டையை விளக்குவதோடு, புண்பட்ட மானின் தடத்தை மோப்பம் பிடித்துச் செல்லும் நாய்களைப் பற்றியும் விரிவாகக் கூறுகின்றது.

இஷி என்னும் ஆசான்

ஆயினும், மானை எய்யும் குறியைப் பற்றி இக்காலத்தார் அறிந்திருப்பவற்றிற் பெரும்பகுதிக்குத் தொடக்கமாய் அமைந்தது, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நிகழ்ந்த ஒரு சந்திப்பேயாகும். ஒருவர் தம் இனத்தார் அனைவரையும் இழந்த பழங்குடி வேடர். மற்றவர் அறுவை மருத்துவர்.

1849-இல் பொன் தேடிப் பெருந்திரளாகக் கலிபோர்னியாவில் குடியேறியவர்கள், அம்மண்ணின் பழங்குடிகளை வேரோடு சாய்த்தனர். யாஹி என்னும் சிற்றினத்தார் 1860-களில் மீண்டும் மீண்டும் படுகொலைக்கு ஆளாயினர். எஞ்சிய சிலர் 'மான் ஓடை' எனப் பொருள்படும் டியர் கிரீக் பள்ளத்தாக்கில், ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலம் பிறர் கண்ணிற் படாது ஒளிந்து வாழ்ந்தனர். வெடியோசை காட்டிக் கொடுத்துவிடுமாதலின், ஓசையற்ற வில்லே அவர்தம் வாழ்வுக்கு ஏற்ற துணையாயிற்று. 1908-ஆம் ஆண்டு நவம்பரில் நில அளவைக்குச் சென்ற வெள்ளையர் சிலர் அவர்களின் மறைவிடத்தைத் தற்செயலாகக் கண்டு, அங்கிருந்த வில், அம்பு, கூடை முதலியவற்றை நினைவுப்பொருளாக எடுத்துச் சென்றுவிட்டனர். வாழ்வுக்கு ஆதாரமான கருவிகள் பறிபோயின. உடனிருந்தோரும் ஒவ்வொருவராய் மறைந்தனர்.

1911 ஆகஸ்டு 29-ஆம் நாள், ஓரோவில் நகரை அடுத்த இறைச்சிக் கொட்டில் ஒன்றின் வேலியருகே, பசியால் மெலிந்த மனிதர் ஒருவர் தனித்து நின்றார். மானை எய்வதில் கைதேர்ந்த அவர் அகப்பட்ட இடம் வெட்டுக்கொட்டில் என்பது வரலாற்றின் கொடிய முரண் எனலாம். மானிடவியலறிஞர்களான குரோபரும் வாட்டர்மனும் அவரைச் சான் பிரான்சிஸ்கோவிலிருந்த பல்கலைக்கழக அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் சென்றனர். தம் பெயரைத் தாமே சொல்லுதல் அவர்தம் மரபன்று. ஆகவே அவர் மொழியில் 'மனிதன்' எனப் பொருள்படும் 'இஷி' என்னும் சொல்லையே பெயராக வழங்கினர். அவருடைய உண்மைப் பெயரை உலகம் இறுதிவரை அறியவில்லை.

அருங்காட்சியகத்தை அடுத்திருந்த மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய சாக்ஸ்டன் போப், இஷிக்கு மருத்துவராக வந்து மாணாக்கராக மாறினார். இஷி அவரைத் தம் மொழியில் 'மருத்துவன்' எனப் பொருள்படும் 'குவி' என்னும் சொல்லால் அழைத்தார். சூனிப்பர் மரத்தில் வில் செதுக்குதல், அதன் முதுகில் விலங்கின் தசைநாண் ஒட்டுதல், எரிமலைக் கண்ணாடிக்கல்லை மான்கொம்பின் முனையால் அழுத்திச் செதுக்கி அம்புமுனை ஆக்குதல் ஆகிய அனைத்தையும் போப் அவரிடம் பயின்றார். 1914-இல் இஷியோடு அவருடைய பழைய பள்ளத்தாக்குக்கே சென்று, அவர் வேட்டையாடும் முறையையும் நேரிற் கண்டார்.

இஷியின் வேட்டை ஒரு நோன்பை ஒத்திருந்தது. வேட்டைக்கு முன்னர் அவர் மீன் உண்பதில்லை, புகைப்பதுமில்லை. விடியுமுன் எழுந்து ஓடையில் நீராடி, நறுமண இலைகளை உடலிற் பூசிக்கொண்டு, காற்றுக்கு எதிர்முகமாகவே நடப்பார். விரல்களை உதட்டில் வைத்து, துன்பத்திற் சிக்கிய முயலைப்போல ஒலியெழுப்பி விலங்குகளை அருகே வரச்செய்வார். பயன்படுத்தாத வில்லை நிறுத்தி வைத்தல் கூடாது, படுக்க வைத்தல் வேண்டும் என்பார். நிற்கும் வில் ஓயாது உழைத்துக் களைத்துப்போகும் என்பது அவர் நம்பிக்கை. உயிரற்ற கருவிக்கும் ஓய்வு வேண்டும் என்று எண்ணியவர் அவர்!

ஈண்டு ஒரு செய்தி கருதத்தக்கது. வட்டமிட்ட வண்ணப் பலகையை நோக்கி எய்யும் போட்டியில் இஷி சிறந்து விளங்கவில்லை. வேட்டைக்குரிய அண்மையில் சிறு இலக்கை எய்வதிலோ அவர் வல்லவராயிருந்தார். பலகையில் விளிம்பிற் பட்ட அம்புக்கும் சில மதிப்பெண் உண்டு. உயிரின் விளிம்பிற் பட்ட அம்புக்கு வேதனையன்றி வேறு விளைவில்லை. தேர்வுக்கும் வாழ்வுக்கும் உள்ள இவ்வேறுபாட்டை ஆசிரியர்களாகிய நாம் நன்கறிவோம்.

குறி எங்கே?

துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியாலும் தாக்குகின்றது. அம்பு அவ்வாறன்று. அது கத்தியைப் போல அறுத்துச் செல்வது. அறுவை மருத்துவராகிய போப், அம்பு கொல்வது குருதிப்போக்கினால் என்பதைத் தம் நூலில் விளக்கினார். 1923-இல் வெளிவந்த 'வில்லும் அம்பும் கொண்டு வேட்டையாடுதல்' என்னும் பொருள்படும் அந்நூல், இக்கால வில்வேட்டைக்கு அடிப்படை நூல்களுள் ஒன்றாயிற்று.

இவ்வுண்மையிலிருந்து குறியின் இலக்கணம் பிறக்கின்றது. மானின் நுரையீரல்கள் இரண்டும் முன்னங்காலை ஒட்டி, விலாக்கூட்டின் முற்பகுதியை நிறைத்து நிற்கின்றன. அவற்றினிடையே கீழ்ப்புறமாக, முன்னங்காலின் முழங்கைக்கு அருகே இதயம் அமைந்துள்ளது. ஆகவே மான் பக்கவாட்டில் நிற்கும்போது, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, உடலின் உயரத்தில் கீழிருந்து மூன்றிலொரு பங்கு தொடங்கி நடுப்பகுதிவரை உள்ள இடமே குறியாகும். இரு நுரையீரலும் அறுபட்ட மான் மிகச் சிறிது தொலைவே ஓடி, ஒரு நிமிடத்திற்குள்ளாகவே பெரும்பாலும் உணர்விழந்து வீழும்.

மான் சற்றே அப்பால் திரும்பி நிற்குமாயின், அம்பு நுழையும் இடத்தை எண்ணுதல் போதாது, வெளியேறும் இடத்தையும் எண்ணுதல் வேண்டும். மறுபுறத்து முன்னங்காலை மனத்திற் கொண்டு எய்தால் அம்பு மார்பின் ஊடே செல்லும். எய்வோனை நேர்நோக்கி நிற்கும் மானை எய்தல் தகாது. மார்பெலும்பும் தோளெலும்பும் அம்பைத் தடுத்துவிடும். தலையையும் கழுத்தையும் குறிவைத்தலும் தகாது. அவற்றில் உயிர்நிலை சிறிது, அசைவோ பெரிது. வயிற்றில் தைத்த அம்பு பல மணிநேர வேதனையைத் தரும். சிறுவனாயிருந்தபோது ஓடைக்கரையில் நான் கண்ட கடமானின் நிலையும் அதுவே.

தொலைவும் குறியின் ஒரு பகுதியே. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். மரவில்லின் அம்போ நொடிக்கு 45 மீட்டர் அளவே செல்லும். 40 மீட்டர் தொலைவிலுள்ள மானை அம்பு எட்ட ஏறத்தாழ ஒரு நொடியாகும். நாணொலியோ எட்டிலொரு நொடியில் அதன் செவியை அடைந்துவிடும். பாயுமுன் மான் கால் மடக்கித் தாழ்வது இயல்பாதலால், குறிவைத்த இடம் அம்பு வருமுன் இடம் மாறிவிடும். 15 மீட்டரில் எய்தால் அவ்விடைவெளி மூன்றிலொரு நொடிக்கும் குறைவாகும். இஷி அருகே சென்றபின்னரே எய்ததன் காரணம் இதனால் விளங்கும். அமெரிக்கர் ஆலன் கண்டுபிடித்து 1969-இல் காப்புரிமை பெற்ற உருளை பொருத்திய கூட்டுவில், அம்பின் வேகத்தை நொடிக்கு 90 மீட்டர்வரை உயர்த்தியது. ஆயினும் ஒலியை வெல்லும் வில் இன்றளவும் இல்லை.

எய்தபின்னும் கடமை முடிவதில்லை. அம்பிலும் இலையிலும் படிந்த குருதியே வேடன் படிக்கவேண்டிய ஏடு. நுரைத்த இளஞ்சிவப்பு நுரையீரலைக் காட்டும். கருஞ்சிவப்பு ஈரலைக் காட்டும். இரைக்கழிவின் பசுமையும் நாற்றமும் வயிற்றைக் காட்டும். வயிற்றில் பட்டதெனத் தெரிந்தால் உடனே துரத்துதல் கூடாது. துரத்தினால் புண்பட்ட மான் நெடுந்தொலைவு ஓடி மறைந்துவிடும். சில மணிநேரம் பொறுத்துப் பின்னர்த் தடம் பற்றிச் செல்லவேண்டும். நம் அகப்பாட்டுத் தலைவனின் வினா இங்கே மெய்ப்பொருள் பெறுகின்றது.

இவையனைத்தையும் தொகுத்து நோக்கின், எங்கே எய்வது என்பதைக் கற்றவன் எப்போது எய்யாதிருப்பது என்பதையே பெரிதும் கற்கின்றான் என்பது புலனாகும். குறி சொல்லித்தரும் பாடத்தில் மறுப்பே மிகுதி.

சட்டம் சொன்ன விடைகள்

இவ்வினாவுக்கு நாடுகள் ஒரே விடை தரவில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 1934-இல் வில்வேட்டைக்கெனத் தனிப் பருவம் வகுத்தது. பிற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. இங்கிலாந்தோ 1963-ஆம் ஆண்டின் மான் சட்டத்தால், மானை அம்பெய்து வேட்டையாடுதலைத் தடைசெய்தது. 1991-ஆம் ஆண்டுச் சட்டமும் அத்தடையை நிலைநிறுத்தியது. நெடுவில்லால் புகழ்பெற்ற நாடே, குறி தவறும் கையை நம்ப மறுத்துவிட்டது! இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைக் குற்றமாக்கியது. தீபகற்ப மலேசியாவில் வனவிலங்குகளை 2010-ஆம் ஆண்டுச் சட்டம் காக்கின்றது. ஆகவே மாணவர்கள் இக்கட்டுரையைப் படித்துவிட்டு வில்லைத் தேடிப் புறப்படவேண்டியதில்லை. தேடவேண்டியது அதன் உட்பொருளையே.

இறுதிக் குறி

இஷி நகரத்தில் ஐந்தாண்டுகூட நிறைவாக வாழவில்லை. காசநோய் அவரைப் பற்றியது. 1916 மார்ச்சு 25-ஆம் நாள் அவர் காலமானார். இறந்தோர் உடலை அறுத்தல் அவருக்கு அறவே ஒவ்வாத செயல். அதனை அறிந்த குரோபர், தாம் அப்போதிருந்த நியூயார்க்கிலிருந்து, அறுத்துப் பார்க்கக்கூடாது என வற்புறுத்தி எழுதினார். ஆயினும் பிணப்பரிசோதனை நடந்தேறிவிட்டது. மூளை தனியே எடுக்கப்பட்டது. உடலோடு வில்லும் அம்புகளும் ஓக்குக்கொட்டை மாவும் வைத்து எரியூட்டினர். மூளையோ 1917-இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்திற்கு அனுப்பப்பட்டு, பல்லாண்டு அங்கேயே கிடந்தது. 2000-ஆம் ஆண்டில்தான் அது உறவினப் பழங்குடியாரிடம் ஒப்படைக்கப்பட்டு, இஷியின் சாம்பலோடு அவர்தம் மண்ணில் அடக்கம் செய்யப்பட்டது.

இதை எழுதும்போது கை தயங்குகின்றது. மானுக்கு வேதனை நேராவண்ணம் எங்கே அறுக்கவேண்டும் என்பதை அறிந்திருந்த மனிதர், தம் உடலை எங்கும் அறுக்கவேண்டா என்று விரும்பினார். அவரிடம் கற்றோர் நிறைந்த சூழலிலேயே அவ்விருப்பம் நிறைவேறாது போயிற்று. அங்கிருந்தோர் தீயவரல்லர். அவரை நேசித்தவர்களே. அவர்கள் கையில் கூரிய கருவி இருந்தது, அறிவு இருந்தது. எய்யாதிருக்க வேண்டிய தருணம் இது என்னும் தெளிவுமட்டும் இல்லை. தயரதனிடம் இல்லாதிருந்ததும் அதுவே.

ஆசிரியப் பெருமக்களே! நம் கையிலும் அம்பு உண்டு. நாம் சொல்லும் ஒரு சொல், வகுப்பின் முன்னே நாம் செய்யும் ஓர் ஏளனம், விடைத்தாளின் ஓரத்தில் சினத்தோடு எழுதும் ஒரு வரி ஆகியவை பிஞ்சு நெஞ்சில் எங்கே பாய்கின்றன என்பதை நாம் நோக்குவதுண்டா? மணியடித்ததும் நாம் வீடு திரும்பிவிடுகின்றோம். புண்பட்ட பிள்ளை அப்புண்ணோடு எத்தனை நாள் நடக்கின்றது என்பதை யார் தேடிச் செல்கின்றோம்? முப்பதாண்டுக்கு மேற்பட்ட ஆசிரியப் பணியில் நான் எய்த சொற்களுள் குறி தவறியவை உண்டு. அவற்றின் தடத்தை நான் உரிய காலத்தில் தேடிச் செல்லவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கின்றேன்.

அருகே செல்க. தெளிவாகக் காண்க. ஐயம் எழுந்தால் நாணைத் தளர்த்துக. எய்துவிட்டால், இறுதிவரை தேடிச் செல்க. மான் ஓடையின் வேடர் தம் மருத்துவ மாணாக்கருக்குக் காட்டிய நெறி இதுவே. ஓடைக்கரையில் கிடந்த அந்தக் கடமானை எய்தவருக்கு இதனை ஒருவரும் சொல்லித்தரவில்லை போலும். நாமாவது நம் மாணவர்க்குச் சொல்லித்தருவோம். அதற்குமுன் நாமும் கற்றுக்கொள்வோம்.